உறை மோரின் கணக்கு

மார்கழி பிறந்துவிட்டால் கோவை வீடுகளில் தயிர் சண்டித்தனம் பண்ணும். சித்திரையில் மாலை ஆறு மணிக்கு உறை ஊற்றினால் இரவு பதினோரு மணிக்கே கட்டித் தயிர் தயாராகிவிடும். மார்கழியிலோ அதே பால், அதே பாத்திரம், அதே உறை மோர் இருந்தும் விடிந்து பார்த்தால் மேலே ஏடு படர்ந்திருக்கும். கரண்டியை விட்டால் அடியில் பால் பாலாகவே கிடக்கும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால் காற்றுக்கும் குறைவில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 18, 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடும். ஏப்ரல் பிற்பகலில் 36 டிகிரியைத் தொடும். வேறு எந்தப் பண்டத்தையும்விட இந்த ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாகக் காட்டிக்கொடுப்பது தயிர்தான்.

குளிர்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் செய்யும் வைத்தியம் ஒன்றே: உறை மோரை இன்னொரு கரண்டி கூட்டி ஊற்றுவது. அது ஏன் பெரிதாக உதவுவதில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தயிரின் அறிவியலில் பாதி விளங்கிவிடும்.

நல்ல தயிர் ஒரு கிராமில் பத்துக் கோடி பாக்டீரியாக்கள் உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாலில் இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் பத்து கிராம் உறை ஊற்றுகிறோம். நூறு மடங்கு நீர்த்துப்போவதால் ஒவ்வொரு மில்லி பாலுக்கும் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் வரும். அவை ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகின்றன. ஏழு முறை இரட்டித்தால் 128 மடங்கு. எண்ணிக்கை மறுபடியும் பத்துக் கோடியைத் தாண்டிவிடும். தயிர் உறைவது என்பது ஏறக்குறைய இந்த ஏழு இரட்டிப்புகள்தான். உறை மோரை இரண்டு பங்காக்கினால் மிச்சமாவது ஒரே ஒரு இரட்டிப்பு. பாக்டீரியாவுக்குப் பிடித்த சூட்டில் ஒரு இரட்டிப்புக்கு அரை மணியோ ஒரு மணியோதான் ஆகும். குளிரில் ஒவ்வொரு இரட்டிப்பும் பல மணி நேரம் இழுக்கும். ஆக, கூடுதல் கரண்டி தருவது சின்ன லாபம். சூடு தருவதோ ஏழு இரட்டிப்புகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும் லாபம். போதாததற்கு, அதிகமாக ஊற்றிய உறை மோர் தன்னிடமுள்ள அமிலத்தையும் பாலுக்குக் கொண்டுபோகிறது. தயிர் புளிப்பேறி, குருணை குருணையாகத் திரள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே மார்கழியில் கூட்ட வேண்டியது சூட்டைத்தான். உறை ஊற்றிய பாத்திரத்தை ஹாட்பேக்குக்குள் இறக்கி மூடலாம். கெட்டித் துணி சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பது கிராமத்தில் பலருக்கும் கைவந்த வழி. காலையில் இட்லி வெந்து முடிந்த பாத்திரத்தில் வெந்நீர் வெதுவெதுப்பாகும் வரை காத்திருந்து அதற்குள்ளும் வைக்கலாம். பாலில் விரலை விட்டால் சுடாமல், ஆனால் சூடு தெரிய வேண்டும் என்று பாட்டிமார் சொல்லும் பதம் ஏறத்தாழ 40 முதல் 43 டிகிரி. 50 டிகிரிக்கு மேலே போனால் உறை மோரில் இருப்பவற்றில் பல செத்துப்போகும். அப்புறம் எத்தனை கரண்டி ஊற்றினாலும் பயனில்லை.

பாக்டீரியா பெருகினால் பால் ஏன் கெட்டியாக வேண்டும்? பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை நாலரை முதல் ஐந்து சதவீதம். மிச்சம் கொழுப்பு, புரதம், தாது உப்புகள். புரதத்தின் பெரும் பங்கு கேசின். அது தனித்தனி மூலக்கூறாக அலைவதில்லை. ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு அளவுள்ள குட்டி உருண்டைகளாக, கால்சியம் பாஸ்பேட்டால் பிணைக்கப்பட்டு மிதக்கிறது. பால் வெண்மையாகத் தெரிவதற்கு இந்த உருண்டைகளும் கொழுப்புத் துளிகளும் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். உருண்டைகளின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று நெருங்க விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பாக்டீரியாக்கள் லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகின்றன. பாலின் பிஎச் அளவு 6.6இலிருந்து மெல்ல இறங்குகிறது. உருண்டைகளைப் பிணைத்திருந்த கால்சியம் பாஸ்பேட் கரையத் தொடங்குகிறது. 4.6ஐ நெருங்கும்போது கேசினின் மின்னேற்றம் அற்றுப்போகிறது. தள்ளிக்கொண்டிருந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, பாத்திரம் முழுக்க ஒரே வலைப்பின்னலாகி, தண்ணீரையும் கொழுப்பையும் தமக்குள் சிறைப்பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் உறையும் நேரத்தில் பாத்திரத்தை ஆட்டக் கூடாது. உருவாகும் பின்னல் அறுந்தால் திரும்ப ஒட்டாது. கட்டித் தயிரைக் கரண்டியால் வெட்டி எடுத்த இடத்தைக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். அந்தப் பள்ளத்தில் இளம்பச்சை கலந்த மஞ்சளாக நீர் ஊறியிருக்கும். அந்த நிறம் ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினுடையது. கால்சியமும் கொஞ்சம் புரதமும் அந்த நீரில் உண்டு. அதை வடித்துக் கொட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தப்பட்டதுதானே, அதையும் ஏன் காய்ச்ச வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினாலே நோய்க்கிருமிகள் ஒழிந்துவிடும். பாதுகாப்பு என்ற அளவில் அது போதும். ஆனால் தயிர் கெட்டியாவதற்கு இன்னொன்று நடக்க வேண்டும். கேசினைத் தவிரப் பாலில் வேறு புரதங்களும் கரைந்திருக்கின்றன. 85, 90 டிகிரியில் சில நிமிடங்கள் சூடாகும்போது அவை சுருள் அவிழ்ந்து கேசின் உருண்டைகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். பின்னல் அடர்த்தியாகும், தண்ணீர் குறைவாகப் பிரியும். பொங்கியவுடன் இறக்காமல் சிறு தீயில் இன்னும் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மறுநாள் தயிரில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தொழுவத்திலிருந்து நேராக வரும் பாலுக்கு இது பாதுகாப்புக்கும் கட்டாயம். புருசெல்லா போன்ற கிருமிகள் காய்ச்சாத பால் வழியே மனிதருக்குத் தொற்றக்கூடியவை.

எருமைத் தயிரின் கெட்டிக்கும் இதே கணக்குதான். பசும்பாலில் நாலு சதவீதம் அளவில் இருக்கும் கொழுப்பு எருமைப் பாலில் ஏழு, எட்டு வரை போகும், புரதமும் அதிகம். மண் சட்டியில் உறை ஊற்றினால் சட்டியின் நுண்துளைகள் வழியே கொஞ்சம் நீர் கசிந்து ஆவியாவதால் தயிர் இன்னும் இறுகுகிறது, குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம். அமிலம் செம்பைக் கரைத்துத் தயிருக்குள் சேர்த்துவிடும்.

உறை மோருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்ற விஷயம்தான் என்னை மிகவும் ஈர்ப்பது. 1878இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் புளித்த பாலிலிருந்து ஒரே ஒரு வகைப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்று அழைக்கப்படும் அது நம் வீட்டுத் தயிரிலும் சாதாரணமாகக் காணப்படுவது. 1905இல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த பல்கேரிய மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ் தன் நாட்டுத் தயிரிலிருந்து நீள வடிவப் பாக்டீரியா ஒன்றைக் கண்டார். லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்று பெயர்பெற்ற அதுவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் சேர்ந்ததுதான் கடைகளில் யோகர்ட் என்று விற்பது. அந்த இரண்டும் 42 டிகிரி அளவில் வேகமாக வளரும். லாக்டோகாக்கஸுக்கும் லூகோநாஸ்டாக் என்ற இன்னொரு வகைக்கும் 30 டிகிரிப் பக்கம் போதும். வீட்டு உறை மோரில் இந்தக் கூட்டங்கள் கலந்தே இருக்கின்றன. வெயில் காலத்தில் ஒரு கூட்டம் மேலோங்கும், குளிர் காலத்தில் இன்னொன்று. குளிரில் மெதுவாக உறையும் தயிரில் புளிப்பு குறைந்து வெண்ணெய் மணம் தூக்கலாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். டைஅசிட்டைல் என்ற பொருளின் மணம் அது. மிதமான சூட்டை விரும்பும் கூட்டத்தின் கைவேலை. சில நாள் கொழகொழவென்று நூல் இழுப்பதும் பெரும்பாலும் இவற்றில் சில சுரக்கும் சர்க்கரைச் சங்கிலிகளால்தான். நாற்றமில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தயிரில் குமிழ் குமிழாகக் காற்றுப் பொத்தல்கள் விழுந்திருந்தாலோ, மேலே பூசணம் பூத்திருந்தாலோ முழுவதையும் கொட்டிவிட வேண்டும். பூசணத்தை வழித்துவிட்டுச் சாப்பிடும் சிக்கனம் ஆபத்தானது.

உறை மோர் தீர்ந்துபோனால் பச்சை மிளகாயின் காம்பைப் பாலில் போட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. செடிகளின் மேற்பரப்பில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் இயல்பாகவே குடியிருப்பதால் இது பலிக்கிறது. அவற்றோடு வேறு எவை வந்து சேரும் என்பது நம் கையில் இல்லாததால் முதல் முறை உறைந்ததை உண்ணாமல், அதிலிருந்து ஒரு கரண்டியை மறுபடி காய்ச்சிய பாலில் ஊற்றி, மணமும் பதமும் சரியாக வந்த பிறகு சாப்பிடுவது நல்லது. அதைவிட நல்லது, பக்கத்து வீட்டில் “கொஞ்சம் உறை மோர் குடுங்க” என்று கேட்பது. பல்லாண்டுகளாக ஊருக்குள் கைமாறிக்கொண்டே வரும் ஒரு நுண்ணுயிர்க் குடும்பம் அப்படித்தான் அறுபடாமல் இருக்கிறது.

வீட்டு உறை மோரின் கலப்புக்கு ஒரு வலிமையும் உண்டு. பாக்டீரியாக்களைத் தாக்கும் ஃபேஜ் என்ற வைரஸ்களால் பால் ஆலைகளில் உறைதல் நின்றுபோவதை 1935இல் நியூசிலாந்தில் வைட்ஹெட், காக்ஸ் என்ற இருவர் கண்டறிந்தார்கள். ஒரே ரகத்தை மட்டும் வளர்க்கும் ஆலையில் ஃபேஜ் புகுந்தால் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிடும். வீட்டு மோரில் ஒரு ரகம் விழுந்தாலும் மற்றொன்று வேலையைத் தொடரும். இந்தத் தொல்லையை ஆராயப்போய்த்தான் டானிஸ்கோ என்ற டென்மார்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007இல் பெரிய உண்மையை நிரூபித்தார்கள். தாக்கிய வைரஸின் மரபணுத் துண்டை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் வெட்டி எடுத்துத் தன் மரபணுவுக்குள் அடுக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு அழிக்கிறது. கிரிஸ்பர் என்ற அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டைத்தான் மரபணுவைத் திருத்தும் கருவியாக மாற்றி, 2020இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள் எம்மானுயேல் ஷார்பான்டியேயும் ஜெனிஃபர் டவுட்னாவும். அவர்கள் கையாண்டது வேறொரு பாக்டீரியாவின் கருவியை என்றாலும், கிரிஸ்பர் எதற்காக இருக்கிறது என்று முதலில் காட்டித் தந்தது தயிர்ப் பாக்டீரியாதான்.

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளுக்கு அவசியமான ஒரு எச்சரிக்கையும் இங்கே உண்டு. சூடு சரி, உறை மோரும் நல்லது, இருந்தும் ஒரு குறிப்பிட்ட மாட்டின் பால் மட்டும் உறையவே மாட்டேன் என்கிறதா? அந்த மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்டார்களா என்று விசாரியுங்கள். பென்சிலின் வகை மருந்துக்குத் தயிர்ப் பாக்டீரியாக்கள் எளிதில் மடிந்துவிடும். பாலில் தங்கும் மருந்து காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. மருத்துவர் சொல்லும் நாள் கணக்கு முடியும் வரை அந்தப் பாலைக் கறந்து தனியே கொட்டிவிட வேண்டும். நஷ்டம்தான். ஆனால் அதைப் பால் சொசைட்டிக்கு ஊற்றினால் எத்தனையோ குழந்தைகள் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் குடிக்க நேரும். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகுவதற்கும் அது வழி.

இனி உடம்புக்கு வருவோம். தயிரின் நன்மைகள் என்று உலவும் பட்டியல்கள் பெரியவை. அவற்றில் அறிவியல் அழுத்தமாகக் கையெழுத்திட்டிருப்பது ஒன்றில்தான்: பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குழந்தைப் பருவம் கழிந்ததும் பெரும்பாலான மனிதர்களுக்குக் குறைந்துவிடுகிறது. பெரியவர்களான பின்னும் அதைத் தக்கவைக்கும் மரபணு மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் அதிகம். தெற்கே, கிழக்கே வர வரக் குறைகிறது. ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு உப்புகிற தமிழர்கள் இத்தனை பேர் இருப்பது இதனால்தான். தயிராகும்போது லாக்டோஸில் கால் பங்கு அளவு கரைந்துபோகிறது. மீதியைச் செரிக்கும் நொதி உயிருள்ள பாக்டீரியாக்களுக்குள் பத்திரமாக இரைப்பையைக் கடந்து சிறுகுடலில் வேலை செய்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இந்த நன்மையை ஏற்றுக்கொண்டது. ஒரு கிராமுக்குப் பத்துக் கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்று அளவும் வைத்தது. மோர்க்குழம்பில் கொதிக்கும் மோரிலும், வறுத்த மோர் மிளகாயிலும் அவை உயிரோடு இருக்காது. கால்சியமும் புரதமும் எங்கும் போவதில்லை. சாதத்தைக் கொஞ்சம் ஆறவிட்டுத் தயிர் பிசைவது நல்லது என்பதற்குச் சூட்டில் பாக்டீரியாக்கள் சாவது ஒரு காரணம்.

தயிர் ஆயுளை நீட்டும் என்ற பேச்சைத் தொடங்கிவைத்தவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் எலீ மெச்னிகாஃப். நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்ற அவர், பெருங்குடலில் நடக்கும் அழுகலே முதுமைக்குக் காரணம், புளித்த பால் அதைத் தடுக்கும் என்று நம்பினார். அந்தக் கருத்து அப்படியே நிலைக்கவில்லை. குடல் நுண்ணுயிர்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்புண்டு என்ற அவரது உள்ளுணர்வு நிலைத்தது. 2017இல் வெளியான ஒடிசா ஆய்வு அதற்கு வலுவான சான்று. அங்கே கிராமங்களில் பிறந்த நாலாயிரத்து ஐநூறுக்கு மேற்பட்ட குழந்தைகளில் ஒரு பாதிக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, அதற்கு உணவாகும் சர்க்கரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத் தொற்றுக்கு ஆளானவர்கள், இறந்தவர்கள் இரு தரப்பையும் சேர்த்த விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அது தேர்ந்தெடுத்த ரகம், அளந்த மருந்து. பச்சிளம் குழந்தைக்கு வீட்டு மோரைப் புகட்டலாம் என்று இதற்குப் பொருளே இல்லை. புரோபயாடிக் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இன்ன ரகம், இன்ன அளவு, இன்ன பலன் என்று நிரூபிக்க வேண்டும். வீட்டுத் தயிரில் என்னென்ன இருக்கின்றன என்பதே வாரத்துக்கு வாரம் மாறும். அதை நல்ல உணவு என்று சொல்வேன், மருந்து என்று சொல்ல மாட்டேன்.

உணவாக அதன் பெறுமதி கொஞ்சமல்ல. நூறு கிராம் பசுந்தயிரில் சுமார் 150 மில்லிகிராம் கால்சியமும் மூன்று கிராம் புரதமும் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம். ஒரு கிண்ணத் தயிர் அதில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். சைவம் மட்டுமே உண்பவர்களுக்கு பி12 கிடைக்கும் சில வழிகளில் பாலும் தயிரும் முக்கியமானவை. கம்பு, சோளம் போன்ற தானியங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பால் புரதத்தில் அது நிறைய. கம்பஞ்சோற்றைக் கரைத்து மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு காட்டு வேலைக்குப் போன கொங்கு உழவர்களின் காலைச் சாப்பாடு புரதக் கணக்கிலும் நிறைவானதாக இருந்தது. வெண்ணெய் எடுத்த மோரில் குறைவது கொழுப்பு மட்டுமே. ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர்போன வட்டாரத்தில் வெண்ணெய் சந்தைக்குப் போனாலும் புரதமும் கால்சியமும் மோராக வீட்டிலேயே தங்கின. விடிகாலைக் குளிரிலேயே தயிரைச் சிலுப்பியதிலும் அறிவியல் உண்டு. கொழுப்புத் துளிகள் பாதி இறுகிய நிலையில் இருந்தால்தான் மோதும்போது ஒட்டித் திரளும். வெயில் ஏறிவிட்டால் அவை உருகி வழுக்கிக்கொண்டு போகும்.

சர்க்கரை நோய் பற்றியும் கேட்கிறார்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு அந்த நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. யோகர்ட் தொடர்ந்து உண்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு குறையலாம் என்று பாக்கெட்டின் மேல் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) 2024இல் அனுமதித்தது. சான்று குறைவானது என்ற வாசகத்தையும் சேர்த்தே அச்சிட வேண்டும். வந்துவிட்ட நோயைத் தயிர் குணமாக்கும் என்று அது சொல்லவில்லை. தயிர்ச் சோற்றில் சர்க்கரையை ஏற்றுவது சோறு. தயிரைக் கூட்டிச் சோற்றைக் குறைத்தால் பலன் உண்டு. பழச்சுவை சேர்த்துக் கடையில் விற்கும் இனிப்புத் தயிர் இந்தக் கணக்கிலேயே சேராது.

காங்கேயம் மாட்டுத் தயிர் ஏ2 என்று சொல்லி அதிக விலைக்கு விற்கப்படுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ2 என்பது பால் புரதத்தின் ஒரு வடிவம். இன்னொரு வடிவமான ஏ1 நோய் தரும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2009இல் பரிசீலித்து இதே முடிவுக்குத்தான் வந்தது. காங்கேயம் இனம் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனது, குறைவாகத்தான் கறக்கும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் கிளுவை வேலியும் கொண்ட கொரங்காட்டு மேய்ச்சலோடு பிணைந்த அந்த இனம் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறீர்களா, தாராளமாகக் கொடுங்கள். ஆரோக்கியத்துக்காக என்றால் சாதாரணப் பசுந்தயிரே போதும்.

இரவில் தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்பதற்கும் நல்ல சான்று இல்லை. சளியை உண்டாக்குவது வைரஸ். தொண்டை கட்டியிருக்கும்போது ஜில்லென்று சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் தவிர்த்துவிடுங்கள், அவ்வளவுதான். உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவர்கள் வேறு. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தயிரும் ஆகாது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கைப் பார்க்க வேண்டியிருப்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் அப்படியே.

ஊருக்குப் போகிறவர்கள் உறை மோரைக் காப்பாற்ற எளிய வழி இருக்கிறது. புளிக்காத புதுத் தயிரில் இரண்டு கரண்டியை வெந்நீரில் கழுவிய சின்ன டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். உறைபனியில் ஒரு பகுதி சாகும், கணிசமான பகுதி பிழைக்கும். திரும்பி வந்து முதலில் ஊற்றும் உறை மெதுவாகத்தான் தோயும். அன்று ஒரு கரண்டி கூட்டி ஊற்றினால் தப்பில்லை. அந்தத் தயிரிலிருந்து எடுத்த உறை அடுத்த முறை வழக்கமான வேகத்துக்கு வந்துவிடும்.